வெந்நீர் கேட்ட மனிதர்

போன புதன்கிழமை காலை எங்கள் வீட்டுக்காரர் குளிக்க வெந்நீர் கேட்டார். நான் கலங்கிப்போனேன்.

வெந்நீருக்கெல்லாம் ஒருத்தி கலங்குவாளா என்று நினைப்பீர்கள். சொல்கிறேன், அவசரம் வேண்டாம்.

சில வருஷங்களுக்கு முன்னால் அவருக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பார்த்து, ஆண்களுக்கு மட்டும் அடிவயிற்றில் இருக்கிற ஒரு சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். புரோஸ்டேட் என்று பெயராம். ஆபரேஷன் ஆயிற்று. பிறகு ஒரு மாத்திரை கொடுத்து, ஆயுசுக்கும் இதை நிறுத்தக் கூடாது என்றார் வெள்ளைக்கார டாக்டர். அதை எனக்குத் தமிழில் சொன்னவர் வார்டில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர் தம்பி.

"அக்கா, இது பொம்பளைங்க உடம்புல ஊறுற சத்து. இது உள்ள போனா அந்த நோய் தலை தூக்காது. ஆனா உடம்புல கொஞ்சம் மாத்தம் தெரியும். பயப்படாதீங்க."

கொஞ்சமா?

எனக்கு மாதவிலக்கு நின்ற காலத்தில் ஒரு சூடு வந்ததே — கழுத்தில் கிளம்பி உச்சந்தலை வரை அடுப்பு மூட்டினாற்போல — அது அப்படியே அவருக்கும் வந்தது. எனக்கு வந்தபோது இந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? "சும்மா நடிக்காதே, மழை பெஞ்சு ஊரே குளுகுளுன்னு இருக்கு." இப்போது அவரே ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே கொடுத்தேன்... அது வேறு விஷயம்.

இன்னொரு மாற்றம், மார்பு. சிலம்பம் சுற்றிய மார்பு அது. மாத்திரையால் மெத்தென்று ஆகி, புடைத்து... பெண் வாசகர்களுக்கு விளக்க வேண்டாம். அன்றிலிருந்து அவர் சட்டையைக் கழற்றுவது குளியலறைக்குள்தான்.

ஆனால் ஆள் இருந்தார். வருஷங்கள் ஓடின, இருந்தார். மாத்திரை, சூடு, பச்சைத் தண்ணீர்க் குளியல் — இதுதான் எங்கள் ரேஸ் கோர்ஸ் ரோட்டு வீட்டு நடைமுறை. அந்த மனிதர் திடீரென்று வெந்நீர் கேட்டால்? உடம்பில் சூடு இல்லை. சூடு இல்லை என்றால் மாத்திரை உள்ளே போகவில்லை. நான் அதிகம் படித்தவள் இல்லை. இதற்குப் படிப்பு எதற்கு?

"மாத்திரைய நிறுத்திட்டீங்களா?" என்றேன்.

"யாரு சொன்னா?"

"உங்க வெந்நீர் சொல்லுது."

பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பருக்குப் பின்னாலிருந்து விஷயம் மெல்ல வந்தது. அடுத்த மாதம் எங்கள் பெண் சாரதாவுக்குக் கல்யாணம். எங்கள் வழக்கத்தில் பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுக்கிற அப்பா, சட்டையில்லாமல், மேலே வெறும் துண்டோடுதான் மணையில் உட்கார வேண்டும்.

"அதுக்குள்ள வத்திடும்னு பாத்தேன். கல்யாணம் முடிஞ்சதும் மறுபடி முழுங்கிடறேன்லா."

"வளந்தது வத்தாதுன்னு டிரெஸ்ஸர் அப்பவே சொன்னாரு. துண்டை நல்லாப் போத்திக்கிட்டு உக்காருங்க."

"தாரை வாக்கக் கைய நீட்டினா துண்டு நழுவும். உன் தம்பி முன்னாலயே உக்காந்திருப்பான். 'அத்தான், ரவிக்கை எங்க தைக்கக் குடுத்திருக்கீங்க'ன்னு கேப்பான். சபையில கேப்பான்."

கேட்பான். என் தம்பி அப்படிப்பட்டவன்தான்.

ஆபரேஷன் கத்திக்குப் பயப்படாதவர். நோய்க்குப் பயப்படாதவர். மச்சான் வாய்க்குப் பயந்து உயிரைப் பணயம் வைக்கிறார். ஆண்களுக்கு எமன்கூடப் பரவாயில்லை போலிருக்கிறது.

"பொண்ணோட அப்பா எங்கேன்னு ஐயர் கேட்டா, மாலை போட்ட போட்டோவக் காட்டட்டுமா?" என்றேன்.

அப்போதும் அவர் மாத்திரையைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை பிரதோஷம். அவரைச் சிவன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அபிஷேக நேரத்தில் அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார்கள். இவர் மட்டும் சட்டையோடு ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். நானும் ஒதுங்கினேன்.

"சாமி இருக்கட்டும். மனுஷங்களப் பாருங்க," என்றேன் மெதுவாக. "அந்தத் துணிக்கடைக்காரருக்கு எவ்வளவு இருக்கு பாருங்க. அவரு என்ன மாத்திரை சாப்பிடறாரு? அவருக்குப் பின்னால நிக்கிறவரு?"

"என்னடி பேச்சு இது, கோயில்ல வந்து."

இந்த வயதில் சன்னதியில் நின்று ஆண்களின் மார்பை அளந்து பார்த்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிவன் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார். அவரே பாதி பெண்தானே.

அப்போது பார்த்து வந்து சேர்ந்தார் சம்பந்தி — மாப்பிள்ளையின் அப்பா. ஊருக்கு வெளியே புக்கிட் பாஞ்சாங்கில் மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்கிறவர். பெரிய உடம்பு. கும்பிடு போட்டுவிட்டு, அவரும் சட்டையோடு எங்கள் தூணுக்கே வந்து ஒதுங்கினார்.

"என்ன சம்பந்தி, சட்டையக் கழட்டலையா?" என்றார் இவர்.

"நீங்க கழட்டலையே," என்றார் அவர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "கல்யாணத்தை நெனச்சாத்தான் கவலையா இருக்கு, சம்பந்தி. உங்களுக்கு எதிர்ல நானும் துண்டோட உக்காந்தா போட்டோவுல மாப்பிள்ளையோட அம்மா மாதிரி இருப்பேன்னு எங்க வீட்டுல சொல்றாங்க."

இவர் என்னைப் பார்த்தார். நான் நந்தியைப் பார்த்தேன்.

மேளம் முழங்க, இவர் ஒவ்வொரு பித்தானாகக் கழற்றினார். சம்பந்தி இவர் மார்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"அட, நமக்கு ஜோடி இருக்குய்யா," என்று தன் சட்டையையும் கழற்றினார்.

அம்மாடி! ஒரு மாத்திரைகூட இல்லாமல்!

வீட்டுக்கு வந்ததும் தண்ணீரும் மாத்திரையும் அவரே கேட்டு வாங்கி விழுங்கினார். விழுங்கிவிட்டு, "என்னவிட அதிகம் சம்பந்திக்குத்தானே?" என்றார்.

"அவருக்குத்தான்."

பத்திரிகைக்கு நான் எழுதுகிற பத்தியில் இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "அவருக்குத்தான் அதிகம்னு மறக்காம எழுது" என்றார். எழுதிவிட்டேன். இன்று காலையும் அதே கேள்வியைக் கேட்டார். நாளைக்கும் கேட்பார்.

கேட்கட்டுமே... ஆள் இருந்தால்தானே கேட்பார்.