பத்தாவது பாட்டு

எனக்கு ஒரே இடத்தில் உட்கார வராது. சாப்பிடும்போதே இரண்டு தடவை எழுந்துவிடுவேன். முதுநகரில் ஹார்பர் பக்கம் ஐஸ் கம்பெனியில் வேலை. கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் நின்று பழகியவனுக்கு, வீட்டில் சத்தம் இல்லையென்றால் ஏதோ நின்றுபோன மாதிரி இருக்கும். எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றும்.

இரண்டாயிரத்து நாலில் கம்பெனி மோட்டார் ஒன்று எரிந்துபோனது. காயில் கட்டச் சிதம்பரத்துக்கு எடுத்துப் போனேன். அண்ணாமலை நகர் போகிற ரோட்டில் பட்டறை. அதற்குப் பக்கத்தில் ஒரு கேசட் ரெக்கார்டிங் கடை. காயில் கட்டி முடிக்கும்வரை ரோட்டில் இப்படியும் அப்படியும் நடந்தேன். கடையில் யாருக்கோ இங்கிலீஷ் கேசட் போட்டுக்கொண்டிருந்தார்கள். டிரம் எங்கள் கம்ப்ரசர் மாதிரி அடித்தது. நிற்காத அடி. அதன் மேல் ஒருத்தன் கத்துகிறான். நான் கடை ஸ்டூலில் உட்கார்ந்தேன். பட்டறைக்காரர் வந்து தோளைத் தட்டுகிறவரை எழுந்திருக்கவில்லை.

"இதையே எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றேன்.

"இங்கிலீஷ் தெரியுமா?" என்றார் கடைக்காரர்.

"தெரியாது."

"நல்லதாப் போச்சு. எனக்கும் தெரியாது."

மேல்நாட்டுக்காரர்கள் நாலு பேர் போட்ட ஆல்பம். நான் பிறந்த காலத்தில் வந்ததாம். கேசட்டை வீட்டில் போட்டால் முடிகிறவரை உட்கார்ந்திருப்பேன். கடைசியில் ஒரு பாட்டு வரும். டிரம் கிடையாது. ஒரு கிடார், ஒரு குரல். அத்தனை கத்தலுக்குப் பிறகு அவன் மெதுவாக இறங்கி வந்து பக்கத்தில் உட்காருகிற மாதிரி இருக்கும். அது முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்க மாட்டேன்.

அந்த வருசக் கடைசியில் கடல் உள்ளே வந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. போட்டுகள் கடலுக்குப் போகவில்லை. ஐஸ் வாங்க ஆள் இல்லை. கம்ப்ரசர் நின்று கிடந்தது. அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரம் பஸ் ஏற ஆரம்பித்தேன். கம்பெனி திரும்ப ஓடிய பிறகும் அது நிற்கவில்லை.

கடையில் ஞாயிறு மத்தியானம் இரண்டு பேர் வருவார்கள். ஒருத்தர் யுனிவர்சிட்டியில் லேப் அட்டெண்டர். என் வயசு. பழகிய இரண்டாம் வாரமே என்னை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் அன்றைக்குப் பார்த்தபோது ரெக்கார்டிங் ஆனது அவருடைய கேசட்தான். இன்னொருத்தர் ஆராய்ச்சி படிக்கிற தம்பி. வாத்தியார் வீட்டுப் பிள்ளை, குவார்ட்டர்ஸில் இருந்தார். அவரிடம் இருந்தது அவர் அப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த கேசட். மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஆல்பம் ஒன்றுதான்.

கேட்பதற்காகக் கூடவில்லை. சண்டை போடக் கூடினோம். கடையில் ஞாயிறு முழுக்கச் சினிமாப் பாட்டுதான் ஓடும். "உங்க ஆல்பத்தப் போட்டா வர்ற ஆளும் ஓடிடுவான்" என்பார் கடைக்காரர். அந்தச் சினிமாப் பாட்டுக்கு மேலே கத்தி நாங்கள் பேசுவோம்.

லேப்காரருக்கு முதல் பக்கம் மட்டும் உசத்தி. "ரெண்டாவது பக்கம் அவனுங்க சாப்பிட்டு வந்து பாடினது. தூக்கம் தெரியுது" என்பார். ஆனால் கடைசிப் பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் என் கட்சி. "அதக் கேட்டா கண்ணுல தண்ணி வந்துடுது மச்சான்" என்பார்.

தம்பிக்கு உலகமே புகழ்கிற நாலாவது பாட்டு பிடிக்காது. கடைசிப் பாட்டு உயிர். ஆனால் அவர் சொன்ன காரணம் எனக்கு விளங்கவே இல்லை.

"அப்படியே அந்தரத்துல விட்டுட்டுப் போயிடறான் பாருங்க. அதான் அண்ணே பெருசு" என்பார்.

"எங்க அந்தரத்துல விடறான்? கரைக்குக் கொண்டாந்து இறக்கறான்."

"இறக்கவே மாட்டான். பாதி வரியில கட் பண்ணிடுவான்."

"காதுல பஞ்சு வெச்சிருக்கீங்களா தம்பி?"

"நீங்கதான் கம்ப்ரசர்ல நின்னு காத கெடுத்துக்கிட்டீங்க."

இப்படி இரண்டு வருசம் போனது. வாரம் முழுக்க ஐஸ் தூக்கும்போது அடுத்த ஞாயிறு அவரை எப்படி மடக்குவது என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அந்த ஸ்டூலில் மட்டும் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். என் மனைவி நம்பவில்லை.

ஒரு ஞாயிறு தம்பி சென்னையில் வாங்கிய சிடியோடு வந்தார். கடைக்காரர் அப்போது சிடி பிளேயர் வாங்கியிருந்தார். "இன்னிக்கு முடிச்சிடுவோம்" என்று ஷட்டரைப் பாதி இறக்கினார். எல்லாரும் பேசாமல் கேட்டோம். ஒன்பதாவது பாட்டு முழு வேகத்தில் போய்ப் பாதி வரியில் நின்றது. நான் கிடாருக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

"கேட்டீங்களா? இதான்" என்றார் தம்பி.

"இன்னும் ஒண்ணு இருக்குது."

"எங்க இருக்கு? அவ்ளோதான் அண்ணே. ஒம்பது பாட்டு."

பையிலிருந்து என் கேசட்டை எடுத்துக் கொடுத்தேன். கடைக்காரர் ஓட்டிப் போட்டார். ஒன்பதாவது நின்றது. பிறகு கிடார் வந்தது. குரல் வந்தது. தம்பி சிரிக்க ஆரம்பித்தார். கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"அது நான் சேத்தது. டேப்புல இடம் மிச்சம் இருந்துச்சு. காலியா வுட்டா சண்டைக்கு வருவாங்க. ஏதாவது ஒண்ண ரொப்பி வுடுவேன்."

"யாரு பாடினது?"

"ஹார்பர் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் பழைய கேசட்டா மூட்டையில கொண்டாந்தாரு. அதுல ஒண்ணு. பேரெல்லாம் இல்ல."

லேப்காரர் அந்த நிமிசமே கட்சி மாறினார். "நான் அப்பவே நெனச்சேன். குரலே வேற மாதிரி இருக்குதேன்னு."

"போன வாரம் வரைக்கும் கண்ணுல தண்ணி வந்துச்சே" என்றேன்.

"அது தூசி மச்சான்."

தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "அண்ணே, நீங்க ரெண்டு வருசமா பேசினது இந்த ஆல்பத்தப் பத்தியே இல்ல."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். நான் கேசட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அடுத்த ஞாயிறு போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. ஆல்பமே தெரியாதவனுக்கு அங்கே என்ன வேலை.

ஞாயிற்றுக்கிழமைகள் மோசமாக இருந்தன. காலையில் திருப்பாதிரிப்புலியூர் போவேன். மார்க்கெட்டைச் சுற்றிவிட்டு ஒன்றும் வாங்காமல் வருவேன். திரும்ப பீச் பஸ் ஏறுவேன். மணலில் உட்கார்ந்தால் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்தால் மனைவி திட்டுவாள்.

"சிதம்பரத்துக்கே போய்த் தொலைங்களேன். வீட்டுல ஒரு நாற்காலி இருக்குது, அதுல நான்தான் உக்காந்திருக்கேன்."

"அங்க சண்ட."

"எதுக்கு?"

சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"அந்தக் கடைசிப் பாட்டா? எனக்கு அது புடிக்காது. மூணாவதுதான் நல்லாருக்கும். அதுல ஒருத்தன் அழுவறான். மத்ததெல்லாம் தகரம் தட்டறது."

இத்தனை நாள் அவளும் கேட்டிருக்கிறாள். அபிப்பிராயம் வேறு வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

அன்றைக்கே கேசட்டைப் போட்டு, ஒன்பதாவது பாட்டு நின்றதும் டேப்பை நிறுத்திப் பார்த்தேன். பாதி வரி காதிலேயே தொங்கியது. எழுந்தேன். செருப்பை மாட்டினேன். உப்பனாற்றுப் பாலம் வரை நடந்துவிட்டுத்தான் திரும்பினேன்.

சில வாரம் கழித்து வேலை நாளில் தம்பி கம்பெனிக்கே வந்துவிட்டார். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஈரத் தரையில் நின்றார். வாக்மேன் கொண்டு வந்திருந்தார்.

"அந்தக் கேசட்டு இருக்குதா? பத்தாவத முழுசா கேக்கணும். அன்னிக்கு சிரிச்சதுல கேக்கல."

வீடு பக்கம்தான். போய் எடுத்து வந்தேன். வெளியே லாரி நிற்கிற இடத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து கேட்டார். நான் லாரியைச் சுற்றி நடந்தேன்.

"நல்ல பாட்டு" என்றார்.

நான் அவர் முன்னால் வந்து நின்றேன்.

"ஆனா ஆல்பத்துல இதுக்கு எடம் இல்ல."

"அத நான் கேக்கலியே."

"ஒம்பதோட நிறுத்திக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன தோணுச்சு?"

"பாலம் வரைக்கும் நடந்தேன்."

"அதத்தானே அண்ணே நான் சொல்றேன். உக்கார வுடமாட்டான். அதான் அந்த ஆல்பம்."

"எனக்கு நடக்கறதுக்குப் பாட்டு வேணாம் தம்பி. அது இல்லாமலே நடப்பேன். உக்கார்றதுக்குத்தான் வேணும்."

அவர் காதிலிருந்து ஒயரைக் கழற்றிச் சுற்றினார். கேசட்டைக் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழம வாங்க. லேப் அண்ணன் நான் என்ன சொன்னாலும் ஆமாங்கறாரு. ஒரே போர்."

போனேன். ஸ்டூல் அதே இடத்தில் இருந்தது. உட்கார்ந்ததும் கடைக்காரர் சினிமாப் பாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். "பத்து" என்றேன். "ஒம்பது" என்றார் தம்பி. அவர் படிப்பு முடிந்து வெளிநாடு போகிறவரை அது ஓடியது. முடிவாகவில்லை.

பிறகு கேசட் செத்துப்போனது. கடை ரீசார்ஜ் கடையானது. கடைக்காரர் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்தார். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் நானும் ஒரு போன் வாங்கி அவரிடம் நீட்டினேன்.

"ஒம்பதா, பத்தா?" என்றார்.

"பத்து."

பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தேன். போன் தன் இஷ்டத்துக்கு வரிசையை மாற்றிவிட்டிருந்தது. ஒன்பதாவது முதலில் வந்தது. என் பாட்டு நடுவில் வந்து போனது. கடைசியில் வந்தது மூணாவது. அழுகிறவன் பாட்டு. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் சீட்டை விட்டு எழுந்து படிக்கட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு போனைத் தூக்கிக்கொண்டு மறுபடி போனேன். லேப்காரர் கடையில் இருந்தார். அவர் கார்டிலும் அதே குழப்பம்தான்.

"மச்சான், இத்தன வருசம் தப்பா கேட்டுட்டோம்" என்றார். "இந்த வரிசையிலதான் ஆல்பம் சரியா இருக்குது."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எப்படிச் சரியா இருக்குது? சொல்லு" என்றேன்.