எலையும் இலையும்

பரிமளா டீச்சர் ட்ரெய்னிங் முடித்தவள். கல்யாணமாகி அன்னவாசல் பக்கம் வந்த பிறகு பள்ளிக்கூட வேலை எதுவும் அமையவில்லை. சாயங்காலம் ஊர்ச் சமுதாயக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

ஒருநாள் அவள் வார்த்தைகளைச் சொல்ல, பிள்ளைகள் எழுதினார்கள். இரண்டாம் வகுப்புச் சுடர்விழியின் சிலேட்டில் எலை, எடம், ஒடம்பு, ஒலக்கை என்று இருந்தது. பரிமளா எல்லாவற்றுக்கும் தப்புக்குறி போட்டாள்.

"நீங்க அப்படித்தானே டீச்சர் சொன்னீங்க?" என்றாள் சுடர்விழி.

பரிமளாவுக்குச் சுருக்கென்றது. வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். எலை. ஆமாம், அவள் வாயிலும் அப்படித்தான் வந்தது. பிள்ளை காதில் விழுந்ததை எழுதியிருக்கிறது. தப்புக்குறிகளை விரலாலேயே அழித்தாள்.

மறுநாள் போர்டின் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் 'பேசுறது', மறுபக்கம் 'எழுதுறது' என்று எழுதினாள். எலை, இலை. எடம், இடம். பிள்ளைகள் ஒரல், ஒனக்கு என்று அடுக்கினார்கள். மகளை அழைத்துப்போக வந்த சுடர்விழியின் அப்பா மரியசெல்வம் வாசலிலேயே நின்றார்.

"என்ன டீச்சர், போர்டுலயே தப்பா எழுதியிருக்கீங்க?"

"வீட்டுல விருந்துன்னா எதுலண்ணே சோறு போடுவீங்க?"

"எலையிலதான்."

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. சிரித்துக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் வேறு சிக்கல். சுடர்விழி எலியை 'இலி' என்றும் எருமையை 'இருமை' என்றும் எழுதினாள். எ வந்தாலே தப்பு என்று பயந்துவிட்டாள். பரிமளா திருத்தவில்லை. வீட்டுக்குப் போய் வார்த்தைகளை எழுதிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைக்கும்போது பிடிபட்டது.

"ரெண்டாவது எழுத்தைப் பாருங்க," என்றாள் மறுநாள். "லை, ட, ர மாதிரி அ, ஐ சத்தத்துல வந்தா முதல் எழுத்துமேல சந்தேகப்படணும். லி, ரு மாதிரி இ, உ சத்தத்துல வந்தா ஒங்க காதை நம்பலாம்."

சுடர்விழி யோசித்தாள். "அப்ப கடையில போடுற எடை? அது இடையா?"

"இல்ல கண்ணு. அது எடைதான்."

"ஏன் டீச்சர்?"

"அது எனக்கும் தெரியல. சில வார்த்தைய அப்படியே மனசுல வச்சுக்க வேண்டியதுதான்."

சுடர்விழி போர்டின் ஓரத்தில் 'எடை' என்று தனியாக எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். இப்போதெல்லாம் வார்த்தையை முணுமுணுத்துப் பார்த்த பிறகுதான் எழுதுகிறாள். தான் எழுதியதில் தப்பு வந்தால் கையை உயர்த்தி அவளே சொல்லிவிடுகிறாள்.