ஒரே சட்டி

வேலைக்காகக் கண்டிக்குப் போகும் காலை பஸ்ஸில், ஜன்னலோரம் சாய்ந்தபோதுதான் கழுத்தில் அந்தக் கட்டி விரலில் பட்டது. வலி இல்லை. ஊறவைத்த கடலை அளவு. வெளியே வத்தேகம மலைகளில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. வேறு யாருடைய கழுத்தையோ தொடுவதுபோல, இறங்கும்வரை அதைத் தடவிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதத்தில் பெயர் தெரிந்தது: லிம்போமா (நிணநீர்க் கணுக்களில் தொடங்கும் புற்றுநோய்). கீமோ (புற்றணுக்களை அழிக்கும் மருந்தை நாளத்தில் ஏற்றும் சிகிச்சை) தொடங்கியது. அந்த நாட்களுக்கு ஓரம் இல்லை. சொட்டு விழுவதைப் பார்த்துக் கண் மூடுவேன். திறக்கும்போது வெளிச்சம் வேறு சுவரில் இருக்கும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். இன்றும் அதில் எனக்குப் பெருமைதான். நோயையும் படித்தே வென்றுவிடலாம் என்று நினைத்தேன். கைப்பேசியில் தேடித் தேடி, இனி இரசாயனம் படாத மரக்கறி மட்டுமே என்று முடிவெடுத்தேன். கண்டிக் கடையொன்றில் ‘இயற்கை’ என்று ஒட்டிய சிறு பொதிகள் கிடைத்தன. அந்த விலைக்கு ஒருவருக்கு மட்டுமே வாங்க முடிந்தது. அடுப்பில் இரண்டு சட்டிகள் ஏறின.

“படிச்ச புள்ளைக்கு ஒரு சட்டி, படிக்காத சனத்துக்கு ஒரு சட்டி” என்றார் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒரு பொதியைப் பல நாட்களுக்கு இழுத்தேன். மூன்றாவது தடவை மருந்தேற்றப் போனபோது உடல் நிறை குறைந்திருந்தது. உடம்பு தாங்காது என்று தள்ளிவைத்தார்கள். யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் கதிரையை இழுத்துப்போட்டு அருகில் அமர்ந்தார்.

“இயற்கையா விளைஞ்சது நல்லதுதான் பிள்ளை. அதுக்காகப் பட்டினி கிடக்கிறீங்களோ? எந்த மரக்கறியெண்டாலும் நல்லாக் கழுவி, அவிச்சு, வயிறு நிறையச் சாப்பிடுங்கோ. நிறை கூடினாத்தான் மருந்து.”

இதைக் கேட்ட அப்பா, எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பின்னால் மண்ணைக் கொத்திப் போஞ்சி (பீன்ஸ்) போட்டார். அவர் தேயிலைத் தோட்டத்தில் களைக்கொல்லி அடிப்பவர். “பாப்பாவுக்கு நானே வெளைய வச்சிக் குடுக்கிறேன்” என்றார்.

போஞ்சி முளைத்தது. அரைத் தூக்கத்தில் ஜன்னல் வழியே அதைப் பார்த்துக் கிடப்பேன். பிறகு இலைகள் சுருண்டு மஞ்சளாயின. ஒரு மாலை அப்பா வேலைக்குக் கொண்டுபோகும் தெளிப்பான் டாங்கியை முதுகில் மாட்டி, பன்னீர் தெளிப்பதுபோல மெதுவாக நீர் தூவிக்கொண்டிருந்தார்.

“அப்பா, இது மருந்தடிக்கிற டாங்கிதானே?”

“ரெண்டு தடவ கழுவிட்டேன் பாப்பா.”

“கழுவுனா போயிருமாப்பா?”

அவர் டாங்கியை இறக்கினார். டாங்கி கசிந்து சட்டையின் முதுகு நனைந்திருந்தது. எத்தனை வருடமாக அந்த ஈரத்தோடு வேலை முடிந்து வந்திருப்பார்! பொதியில் ஒட்டிய எழுத்தையெல்லாம் வாசித்த நான் அதைக் கேட்டதே இல்லை.

போஞ்சியைப் பிடுங்கினோம். வேறிடத்து மண்ணை அரிசிப் பைகளில் நிரப்பி, பொன்னாங்கண்ணியின் இலையை ஆய்ந்து தண்டை நட்டோம். பால்மா டின்னில் ஆணியால் துளைபோட்டு அப்பா நீர் ஊற்றினார். உரமாகப் போட்ட சாணத்தை அம்மா மட்டும் தொட்டார். எனக்குத் தொற்று வரக்கூடாது.

சந்தையில் மடவளை ஊர் முஸ்லிம் வியாபாரி ஒருவரிடம், “நானா, இது மருந்தடிக்காததா?” என்று பலாக்காயைக் காட்டினேன்.

“பலா மரத்துல ஏறி ஆரு தங்கச்சி மருந்தடிக்கிற?” என்று அவர் சிரித்தார்.

பலாக்காய், ஈரப்பலா (சீமைப்பலா), முருங்கையிலை, வாழைப்பூ. வீட்டு மரங்களிலிருந்து வந்தவை, ‘இயற்கை’ என்று எதுவும் ஒட்டப்படாமல் மலிவாகக் குவிந்திருந்தன. போதாததற்குச் சாதாரண மரக்கறி. கழுவி, தோல் சீவி, நன்றாக அவித்து. அம்மா எனக்கென்றிருந்த சின்னச் சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

நிறை ஏறியது. சிகிச்சையும் தொடர்ந்து முடிந்தது. என்னைக் குணமாக்கியது மருந்துதான். இதை வாசிக்கும் நீங்கள் அதில் குழம்ப வேண்டாம். சாப்பாடு அதைத் தாங்க வைத்தது. அப்பா இன்னும் அதே வேலைக்குப் போகிறார், நான் வாங்கிக்கொடுத்த கையுறையோடு. குளித்த பிறகே உள்ளே வருகிறார்.

தலையில் புது முடி, பூனைக்குட்டியின் மயிர்போல. சீவும்போது விரல் தானாகக் கழுத்துக்குப் போகிறது. முன்பு பஸ் நேரத்தால் நாட்களை அளந்தேன். இப்போது அடுத்த பரிசோதனை எப்போது என்று யாராவது கேட்டால், மனம் கீரைப் பைகளின் பக்கம் போகிறது: அதற்குள் இன்னும் நான்கு தடவை கீரை வெட்டலாம், மூன்று பேருக்கும்.