எட்டுப் பேர் தூக்கிய மேசை

என் கணவர் அந்த இரும்பு மேசையைச் செய்யத் தொடங்கியபோது எங்களிடம் நாற்பது நாள் இருந்தது. காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளத்தில் அவர் பன்னிரண்டு வருடம் ஒப்பந்த ஃபிட்டராக இருந்தவர். எடுத்த வேலை முடிந்ததும் கேட் பாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நாற்பது நாள் கழித்து அடுத்த வேலைக்கு ஆள் எடுப்போம், அப்போது வராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று ஒப்பந்தக்காரர் சொல்லியிருந்தார். அதற்குள் எங்கள் ஊரான கோட்டைக்குப்பத்தில் சொந்தமாக ஒரு பட்டறை நிற்க வேண்டும். நின்றால் அவர் திரும்பிப் போக வேண்டியதில்லை.

அவருக்குப் போக விருப்பமில்லை. கப்பலின் அடித்தளத்தில், நிமிர்ந்து உட்கார முடியாத இரும்பு அறைகளுக்குள் படுத்தபடியே வேலை செய்து, கடைசி இரண்டு வருடத்தில் மூடிய இடம் என்றாலே அவருக்கு மூச்சு முட்ட ஆரம்பித்திருந்தது. பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைக்காவிட்டால் அடுத்த பேருந்துக்குக் காத்திருப்பார். என்னிடம் ஒரு முறை மட்டும் சொன்னார்: "உள்ள பூந்துட்டா, வெளிய வர்ற ஓட்டை எங்க கீதுன்னு தெரியாதுமே."

நான் பொன்னேரியில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். உள்நாட்டு நெல் கிராமத்தில் பிறந்து இந்தக் குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். எதையும் அளந்து எழுதிவைப்பது தொழில் பழக்கம். மேசையின் அளவுகளும் என் குறிப்பேட்டில்தான் இருந்தன. நீளம் ஐந்தடி. அகலம் இரண்டரை அடி. உயரம், அவர் முழங்கைக்கு நான்கு விரல் கீழே. கால்களுக்கு இரண்டு அங்குலச் சதுரக் குழாய். மேலே, பழைய இரும்புக் கடையில் கிடைத்த பத்து மில்லிமீட்டர் தகடு. அதன் ஒரு முனையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், மறுமுனையில் இரண்டாம் கையாக வாங்கிய சிறிய லேத்து. படகு என்ஜினின் சுழல்தண்டான ஷாப்ட்டைக் கடைசல் போடும்போது மேசை துளி ஆடினாலும் வேலை கெட்டுவிடும். அதனால் கனம் தேவைப்பட்டது. எல்லாம் ஏற்றினால் இருநூற்றைம்பது கிலோ வரும் என்று கணக்குப் போட்டார்.

அதே மேசை தினமும் நகரவும் வேண்டும். குப்பத்தில் தெருவெல்லாம் நைலான் வலை காய்கிறது. வெல்டிங் பொறி ஒன்று தெறித்தால் ஒரு குடும்பத்தின் வலையில் ஓட்டை விழும். ஆகவே தெருவில் நெருப்பு வேலை கூடாது. வீட்டில் என் மாமனார் மூச்சிரைப்பு நோயாளி, புகை ஆகாது. ஊர்க்கூட்டத்தில் ஒரு வழி சொன்னார்கள். மீன் ஏலக்கூடத்தில் காலை ஏலம் முடிந்து தரை கழுவிய பிறகு, பதினொரு மணியிலிருந்து ஐந்து மணிவரை வேலை செய்துகொள்ளலாம். ஐந்துக்கு மேல் ஓர் ஆணிகூட அங்கே இருக்கக் கூடாது. இந்த விதி எல்லாருக்கும் பொது. ஒருவர் சாமான் ஒரு ராத்திரி தங்கினால் மறுநாள் ஊரில் உள்ள ஐஸ் பெட்டியெல்லாம் அங்கே குடியேறிவிடும்.

கூடம் மூன்று பக்கமும் திறந்தது. அதற்காகவே அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

குழாய்களையும் தகட்டையும் பகுதி பகுதியாகத் தூக்கிப்போய், கூடத்தின் சிமெண்டுத் தரையிலேயே மேசையை எழுப்பினார். முதலில் நான்கு மூலையிலும் புள்ளி வைத்தாற்போல ஒட்டினார். பிறகு மூலைக்கு மூலை அளவுநாடா பிடித்து, இரண்டு குறுக்களவும் ஒன்றாக வரும்வரை சுத்தியலால் தட்டினார். அதன் பிறகுதான் முழு வெல்டிங். அதையும் ஒரே மூலையில் ஓட்டவில்லை. இங்கே கொஞ்சம், எதிர் மூலையில் கொஞ்சம் என்று மாறி மாறி ஓட்டினார். ஒரே இடத்தில் சூடேறினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். கீழே பிரேக் வைத்த நான்கு சக்கரங்கள். கப்பல் தளத்தில் அவர் பார்த்துப் பழகிய வகை, உள்ளங்கை அளவு, கெட்டி. ஒவ்வொரு காலிலும் ஒரு திருகுப் பாதம். ஸ்பானரால் திருகினால் பாதம் இறங்கித் தரையில் ஊன்றும், சக்கரம் அந்தரத்தில் நிற்கும்.

ஏலம் கூறும் அம்மாள் கூடை கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "இன்னாமே, உன் ஊட்டுக்காரு மேசைக்குச் சக்கரம் வெக்கிறாரு? எங்க ஓடப் போவுது அது?"

"வீட்டுக்கும் கூடத்துக்கும்தான் ஆயா."

"அத்தினிதானா? நான் மெட்ராஸ் போவுதோன்னு பார்த்தேன்."

இருபத்திரண்டாம் நாள் மாலை மேசை முடிந்தது. லேத்தையும் ஏற்றி, ஒற்றைக் கையால் தள்ளிக் காட்டினார். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சத்தமில்லாமல் போனது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மணி ஐந்தாகப் போகிறது, வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார். சிமெண்டு முடியும் இடத்தில் முன்சக்கரங்கள் இரண்டும் மணலில் இறங்கின. அச்சு வரைக்கும் புதைந்தன. மேசை மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.

கூடத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் எண்பது தப்படி மணல். நான் தினமும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிற மணல். என் குறிப்பேட்டில் எல்லா அளவும் இருந்தது, அது இல்லை. அவரோ அந்த மணலில் பிறந்தவர். பன்னிரண்டு வருடம் கான்கிரீட்டில் வேலை செய்துவிட்டு வந்திருந்தார்.

"இன்னா மச்சான், கப்பல் தரை தட்டிடுச்சா?" என்றான் வலைக்காரர்களில் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எழுந்தும் வந்தார்கள். இரண்டு சவுக்குக் கழிகளை மேசைக்கு அடியில் கொடுத்துக் கயிற்றால் பிணைத்தார்கள். முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர், படகைத் தூக்குவதுபோலவே தோளில் ஏற்றினார்கள். ஐந்து நிமிடத்தில் மேசை எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையில் இருந்தது.

வாசலில் நின்று என் கணவர் சொன்னார்: "உங்க என்ஜின்ல எதுனா கோளாறு இருந்தா நாளிக்கு எட்த்தாங்க. பார்த்துத் தரேன்."

அவர்கள் போன பிறகு, டீ வாங்கிக் கொடுத்திருக்கலாம் அல்லது கூலி கொடுத்திருக்கலாம் என்றேன்.

"கூலியா? என் பங்காளிங்களுக்கா? மூஞ்சில துப்புன மாதிரி ஆயிடும்மே."

கரையேறும் படகில் யார் கை வைத்தாலும் அவருக்குக் குழம்புக்கு மீன் உண்டு. அது தானமல்ல, உரிமை. கை வைத்தவரை வெறுங்கையோடு அனுப்பிய படகை மறுநாள் யாரும் தொடமாட்டார்கள். இதைப் பற்றி நானே ஒரு முறை ஞாயிறு பக்கத்தில் எழுதியிருக்கிறேன். வாசகர்களுக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு எட்டுப் பேர் வந்து மேசையைக் கூடத்துக்குத் தூக்கிப்போனார்கள். ஐந்து மணிக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். காலையில் வந்த எட்டும் மாலையில் வந்த எட்டும் ஒன்றல்ல. கடலுக்குப் போனவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்கள். எல்லாரிடமும் ஓர் என்ஜின் இருந்தது. விசிறி வளைந்தது, ஷாப்ட் தேய்ந்தது, போல்ட் உப்பில் இறுகிப்போனது. அவர் காலையில் தூக்கியவர்களின் வேலையைக் காசு வாங்காமல் தொடங்குவார். முடிப்பதற்குள் மாலையில் தூக்கியவர்களின் வேலை சேர்ந்துவிடும். யாரும் பேராசைக்காரர்கள் அல்ல. ஒருவர்கூட அதட்டிக் கேட்டதில்லை. அவரவர் முறைக்காகக் கூடத்துத் தூணில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அவர் வேறு வழி தேடாமல் இல்லை. இரண்டு பலகைகளை மாற்றி மாற்றிப் போட்டு, நானும் அவரும் தள்ளிப் பார்த்தோம். முக்கால் மணி நேரத்தில் பன்னிரண்டு தப்படி போனோம். பதின்மூன்றாவதில் பலகை கவிழ்ந்தது. மொபெட் சக்கரங்களைப் பொருத்தினார். மணலில் கொஞ்சம் உருண்டது, ஆனால் மேசை உயர்ந்துபோய் லேத்து சுற்றும்போது நடுங்கியது. கழற்றிவிட்டார். பாதையில் சிமெண்டு போட ஊர் சம்மதிக்காது. அதன் குறுக்கேதான் படகுகள் ஏறி இறங்குகின்றன. உறுதியாக நின்றால் நகரவில்லை, நகர்ந்தால் நிற்கவில்லை. நகர்த்துவதற்கு எட்டுத் தோள் வேண்டும், எட்டுத் தோளுக்கும் வேலையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

முப்பத்தேழாம் நாள், எங்கள் குப்பத்தை ஒட்டிய ஏரியின் அக்கரையிலிருந்து ஒருவர் படகில் வந்தார். உடைந்த ஷாப்ட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கேள்விப்பட்டு வந்தேன், இன்றைக்கே முடித்துக் கொடுத்தால் கேட்டதைத் தருகிறேன் என்றார். வெளியூரிலிருந்து வந்த முதல் வேலை அதுதான். என் கணவர் ஷாப்ட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தூணோரம் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். அங்கே ஐந்து பேர்.

"நீ பாரு மாமா, அவுரு தொலைவுலருந்து வந்துகீறாரு," என்றான் அவர்களில் ஒருவன். மனதாரத்தான் சொன்னான். சொல்லிவிட்டு எழுந்து மணலில் இறங்கி நடந்தான். மற்ற நால்வரும் எழுந்தார்கள். மணி அப்போது நான்கு. ஐந்துக்கு மேசையைத் தூக்கத் தோள் வேண்டும்.

இவர் லேத்தின் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். "நாளன்னிக்கு வாங்கண்ணா," என்றார் அக்கரைக்காரரிடம். அவர் ஷாப்ட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு, வேறு பட்டறை தேடிப் போகப் பொன்னேரிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று என்னிடம் விசாரித்தார். ஐவரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். ஐந்து மணிக்கு மேசை வீடு வந்தது.

அன்று ஆறு மணிக்கு அவர் ஒப்பந்தக்காரருக்குத் தொலைபேசினார். பேச்சு ஒரு நிமிடம்கூட நீளவில்லை. ஆதார் நகலும் இரண்டு புகைப்படமும் எடுத்து வை என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போன பிறகு, பதினொரு மணிக்கு எட்டுப் பேர் கழிகளோடு வாசலில் வந்து நின்றார்கள்.

"அண்ணி, தூக்கலாமா?"

"அவர் வேலைக்குப் போய்ட்டாருப்பா," என்று தெற்கே, காட்டுப்பள்ளிப் பக்கம் கையைக் காட்டினேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் எட்டிப் பார்த்து, மேசைக்கு அடியில் பிரித்துப் போட்டிருந்த தன் என்ஜினைக் கண்டான். "ஞாயித்துக்கெழம லீவுதான அண்ணி? அன்னிக்கு வந்து தூக்குறோம்," என்றான்.

மாலை வீடு திரும்பியவரிடம் சொன்னேன்.

"எட்டுப் பேருமா?"

"எட்டுப் பேரும்."

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, பாக்கி வேலைகளை வரிசையாகச் சொன்னார், நான் எழுதினேன். முடித்தபோது மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நிரம்பியிருந்தன. அந்த மூன்று நாளும் மேசையைத் தூக்குகிறவர்களுக்கு என்ன கொடுப்பது என்று நான் கேட்கவில்லை.