ஃபில்டரில் நின்ற சிவப்பு

டயாலிசிஸ் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்று படித்திருந்தேன். அந்த மெஷின் கொஞ்சம் ரத்தத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் என்பது, மகளுக்கு டயாலிசிஸ் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

"கிட்னி கெட்டால் ரத்தம் ஊறுவது குறையும். போதாததற்கு ஒவ்வொரு முறையும் ஃபில்டரிலும் குழாயிலும் கொஞ்சம் நின்று வீணாகிறது" என்றார் திருப்பதி டாக்டர். ஊசி போட்டு ஹீமோகுளோபினை ஏற்றப் பார்ப்போம், உயிருக்கு ஆபத்து வந்தாலொழிய அடுத்தவர் ரத்தம் வேண்டாம் என்றார். அதை ஏற்றினால், நான் கொடுக்கப்போகும் கிட்னியை அவள் உடம்பு தள்ளிவிடக்கூடுமாம்.

போன வாரம் ஹீமோகுளோபின் மறுபடி இறங்கியது. சேதி கேட்டு, நகரியில் சாயப்பட்டறை வைத்திருக்கும் என் நாத்தனார், ரத்தம் கொடுக்கத் தன் மகனோடு வார்டுக்கே வந்துவிட்டார்.

"பொண்ணு வெளுத்துப் போய்க்கினு கீது. ரத்தம் வாசல்ல வந்து நிக்குது, வேணாங்கிறியே. நீ பெத்தவதானா?"

"பெத்தவதான் அண்ணி. அதனாலதான் வேணாங்கிறேன்."

"அவன் ரத்தம் வேணாம் அத்தை. அப்புறம் அவனை மாதிரி எனக்கும் கணக்குப் பாடம் வராது" என்றாள் படுக்கையிலிருந்து மகள். அத்தை சிரிக்கவில்லை.

அதற்குள் டயாலிசிஸ் முடிந்தது. குழாயில் நிற்கும் ரத்தத்தை சலைன் விட்டு உடம்புக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். டெக்னீஷியன் பாதியிலேயே கிளாம்பை மூடப் போனார்.

"இன்னும் சிவப்பா இருக்கே, விடுங்க."

"அடுத்த பேஷண்ட் வெயிட்டிங்ம்மா. சலைன் ஜாஸ்தி போனா மூச்சு வாங்கும்."

"அதுக்கும் சேர்த்துத்தானே மெஷின்ல அவ உடம்புத் தண்ணியைக் கூடுதலா எடுத்தீங்க? அவ ரத்தத்தைக் குப்பையில போட விடமாட்டேன்."

என் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. அவர் தயங்கி நின்றார். நாத்தனார் எழுந்து வந்து குழாயருகே குனிந்தார்.

"நைனா, சாயம் போட்ட நூலைத் தண்ணி தெளியிற வரைக்கும் அலசணும். இதுல பாதி சாயம் அப்படியே நிக்குதே. உடு, உடு."

டெக்னீஷியன் சலைனை விட்டார். சிவப்பு ரோஜா நிறமாகி, பிறகு வெளிறியது. நாத்தனார் மகனின் தோளைத் தட்டி, "வாடா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். ரத்தம் கொடுக்காமலே இருவரும் கிளம்பினார்கள்.

ஹீமோகுளோபின் இன்னும் ஏறவில்லை. ஆனாலும் கிளாம்ப் மூடுமுன் குழாயருகே போய் நிற்கிறேன். சண்டைக்காரி என்று வார்டில் பெயர். இருக்கட்டும், என் கிட்னி அவளுக்குள் போகும்வரை ஒரு சொட்டையும் வீணாக விடமாட்டேன்.