ஒன்பதாம் முனைக்காரி

பிரிஞ்சாங் ஊரிலிருந்து கோலா தெர்லாவுக்கு இறங்கும் மலைச் சாலையோரத்தில், தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து நிறுக்கும் கொட்டகை ஒன்று இருக்கிறது. அங்கே இருபத்திரண்டு வருடமாக மூட்டை நிறுப்பவள் பாஞ்சாலை. வயது ஐம்பத்து மூன்று. பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் ஒரே லயத்து வரிசை வீடுகளில்தான். ஐந்தாவது கதவிலிருந்து பதினோராவது கதவுக்குக் கல்யாணம் பண்ணிப் போனாள். நாயனக்காரன் கன்னத்தை உப்புவதற்குள் ஊர்வலம் முடிந்துவிட்டது என்று அவள் கணவன் சிங்காரம் இன்றைக்கும் கேலி பேசுவான்.

ஐந்தாம் பாரம், அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்தவள். மலாய் மொழியில் பிழையில்லாமல் கடிதம் எழுதுவாள். எழுதத் தெரிந்த ஒருத்தி கிடைத்தால் தோட்டத்து ஜனம் சும்மா விடுமா? கோயில் கமிட்டி, பள்ளிப் பெற்றோர் சங்கம், மரண சகாய நிதி என்று எல்லாவற்றுக்கும் அவளே செயலாளர். தோட்டத்துப் பையன்கள் சைக்கிள் மன்றம் ஆரம்பித்தபோதும் அவளையே பிடித்துப் போட்டார்கள். அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை.

அவளுக்கு இன்னொரு பேரும் இருந்தது. கொட்டகையில் உட்கார்ந்தபடியே, வளைவுக்கு அந்தப் பக்கம் வரும் வண்டியைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். இது கோஸ் லோரி, இது பூ லோரி, இது ஆபீஸ் கிராணியோட பழைய மோட்டார் என்று அவள் சொல்லச் சொல்ல, வண்டி அப்படியே வந்து நிற்கும். அந்தக் காதுக்குத் தனியாக ரோட்டு வரி கட்ட வேண்டும் என்பார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான். பெருமை இல்லாமலா ஒவ்வொரு தடவையும் முந்திக்கொண்டு சொன்னாள்?

சைக்கிள் பந்தயம் நடத்துகிறவன் புவனேஸ்வரன். அதே தோட்டத்தில் பிறந்து, பிரிஞ்சாங்கில் பூ வியாபாரம் பண்ணுகிறான். பதின்மூன்று வருடத்துக்கு முன் முப்பத்தாறு பேரை வைத்து மலைப்பந்தயத்தை ஆரம்பித்தான். இப்போது நானூறு பேர் வருகிறார்கள். விதி என்றால் அவனுக்கு விதிதான். தின்ற பாக்கெட்டைத் தேயிலைச் செடிக்குள் வீசினான் என்று சொந்த மைத்துனனையே பாதிப் பந்தயத்தில் இறக்கி விட்டவன். அந்த வருடத் தீபாவளிக்கு அவன் மனைவி அவனுக்கு முறுக்குச் சுடவில்லை.

பந்தய நாளில் சந்திக்குச் சந்தி ஆள் நிறுத்த வேண்டும். காய்கறித் தோட்டத்து மண்பாதை ஒன்று சரிந்து வந்து பெரிய சாலையில் சேருகிற இடம் ஒன்பதாம் முனை. அங்கே பன்னிரண்டு வருடம் நின்றவள் பாஞ்சாலை. கையில் சிவப்புக் கொடி, கழுத்தில் வாக்கி டாக்கி. மண்பாதை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் “கிளியர்” என்று சொல்ல வேண்டும் என்பது விதி. கண்ணால் என்ற சொல்லின் கீழே புவனேஸ்வரன் இரண்டு கோடு போட்டுக் கொடுத்திருந்தான்.

போன வருடப் பந்தயத்தன்று கடும் பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மேட்டில் ஏறிப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். பாஞ்சாலை போகவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டாள். எந்தச் சத்தமும் இல்லை. “ஒம்போது கிளியர்” என்று சொல்லிவிட்டாள்.

இந்த மலையில் டீசலை மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு லோரியைப் பிரீ கியரில் உருளவிடுவார்கள். அது அவளுக்குத் தெரியாததா? அன்றைக்கு ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். கோஸ் ஏற்றிய லோரி ஒன்று பூனை மாதிரி இறங்கி வந்து சாலையில் மூக்கை நீட்டியது. மேலிருந்து சைக்கிளில் பாய்ந்து வந்த ரவூப் ஊர்ப் பையன் கோகிலன் பிரேக்கைப் பிடித்தான், சறுக்கினான், தடுப்புக் கம்பியில் போய் விழுந்தான். தோள்பட்டைக் காறை எலும்பு முறிந்தது. இரண்டு பற்கள் போயின.

தானா ராத்தா ஆஸ்பத்திரி வாசலில் புவனேஸ்வரன் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான்.

“அக்கா, நீங்க கண்ணால பாத்துத்தானே சொன்னீங்க?”

பாஞ்சாலை தலையை ஆட்டினாள். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. ஆனாலும் ஆட்டியது ஆட்டியதுதான்.

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. அக்கா பார்த்திருக்கிறாள், அதற்குப் பிறகும் லோரி வந்திருக்கிறது, அப்படியானால் அந்த இடத்துக்கு ஒரு ஆள் போதாது, இரண்டு பேரை நிறுத்தாதது என் தப்பு என்று கணக்குப் போட்டான். சைக்கிள் மன்றங்களின் சங்கத்துக்கு எழுதிய அறிக்கையிலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஏற்பாட்டாளரின் கவனக்குறைவு என்று சங்கம் பதிந்துகொண்டது.

அந்தச் சங்கம் நான்கு மாவட்டத்து இருபத்தேழு மன்றங்களுக்குப் பொதுவானது. பெந்தோங்கைச் சேர்ந்த லிம் பதினெட்டு வருடமாக அதற்குத் தலைவர். கெட்ட மனிதர் இல்லை. கூட்டத்துக்குக் கறிபாப் பலகாரம் குறையவிடாதவர். ஆனால் விபத்துக்குப் பிறகு, மலைப்பாதை ஆபத்து, அடுத்த வருடத்திலிருந்து அந்தப் பந்தயம் வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டார். பந்தயத்தைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல் புவனேஸ்வரன் தலைவர் பதவிக்கு நின்றான்.

வேட்புமனுப் பாரத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்கு வந்தான்.

“முன்மொழிய ஒரு மன்றம் வேணும் அக்கா. மத்தவங்க யோசிக்கறாங்க லா. போன வருசக் கேஸ் எம் பேர்லதானே கெடக்கு.”

“எங்க மன்றம் இருக்கில்ல. கொண்டா” என்று பாஞ்சாலை வாங்கி, கையெழுத்துப் போட்டு, மன்றத்து முத்திரைச் சாப்பையும் ஓங்கி அடித்துக் கொடுத்தாள். அடித்தால் மனப்பாரம் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. முன்மொழிகிறவர்தான் கூட்டத்தில் எழுந்து பேச வேண்டும் என்று அவன் சொன்னபோது இன்னும் கூடியது.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் சிங்காரம்தான்.

“நீ சும்மா கெட. நொணலும் தன் வாயால கெடும். எழுதினது அவன். ஒன்னய எவன் கேட்டான்?”

“அவன் கேட்டானே” என்றாள் பாஞ்சாலை. சிங்காரம் தேயிலை ஆலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டான்.

தேர்தல் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, தானா ராத்தாவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பாஞ்சாலை நல்ல சேலை கட்டி, பேச்சை மலாயில் எழுதி நான்காக மடித்து எடுத்துப் போயிருந்தாள். முப்பத்தாறு பேர் நானூறு ஆன கதையைச் சொன்னாள். மைத்துனனை இறக்கிவிட்ட கதையைச் சொன்னபோது மண்டபமே சிரித்தது. இதோடு உட்கார்ந்திருந்தால் நல்ல பேச்சு என்று பேர் வாங்கியிருப்பாள்.

லிம் எழுந்தார். மரியாதையாகத்தான், மலாயில் அம்மா என்று விளித்துக் கேட்டார்.

“புவான், அந்தச் சந்தியில் நின்றவர் நீங்கள். ஒரு ஆள் போதாத இடத்தில் ஒரே ஒருவரை நிறுத்தியதாக அவரே எழுதியிருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள். ஒரு ஆள் போதுமா, போதாதா?”

போதாது என்றால் புவனேஸ்வரன் தலையில் அவள் கையாலேயே மண்ணை வாரிப் போட்டதாகும். போதும் என்றால், பிறகு லோரி எப்படி வந்தது என்பதுதான் அடுத்த கேள்வி. இரண்டாவது வரிசையில் ரவூப் மன்றத்தின் பேராளராகக் கோகிலன் உட்கார்ந்திருந்தான். மோவாயில் தழும்பு நன்றாகத் தெரிந்தது. பாஞ்சாலையின் கையிலிருந்த காகிதத்தில் இதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“ஒரு ஆள் போதும், பார்க்கிற ஆளாக இருந்தால்” என்றாள் மலாயில். “நான் பார்க்கவில்லை.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பனிமூட்டம், காது, பிரீ கியர், ஆஸ்பத்திரி வாசலில் தலையாட்டியது, எதையும் விடவில்லை. என்னை நம்பித்தான் அவர் தன் பேரில் எழுதிக்கொண்டார், தப்பு என்னுடையது என்று முடித்தாள். லிம் தலையசைத்து, நன்றி சொல்லி உட்கார்ந்தார். புவனேஸ்வரன் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது மடல் சிவந்திருந்ததைப் பாஞ்சாலை பார்த்தாள்.

ஓட்டு எண்ணினார்கள். பதினைந்துக்குப் பன்னிரண்டு, புவனேஸ்வரன் ஜெயித்தான். அவள் பேச்சைக் கேட்டு எத்தனை பேர் மாறினார்கள், அந்தப் பக்கமிருந்து வந்தார்களா இந்தப் பக்கமிருந்து போனார்களா, யாருக்குத் தெரியும்? ரகசிய ஓட்டு. தன்னால்தான் ஜெயித்தான் என்று பாஞ்சாலை ஒருநாளும் சொன்னதில்லை. சிங்காரம் சொல்லாத நாளில்லை.

வாசலில் கோகிலன் வந்து நின்றான்.

“ஒரு வருசமா என் பிரேக்கத்தான் அக்கா திட்டிக்கிட்டிருந்தேன். அந்தச் சைக்கிளயே வித்துட்டேன்.”

“மன்னிச்சுரு தம்பி” என்றாள். அவன் கையிலிருந்த இரண்டு கறிபாப்பில் ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

புவனேஸ்வரன் கழுத்தில் மாலையோடு எல்லாரிடமும் கை குலுக்கினான், அவள் பக்கம் வரவில்லை.

பத்தொன்பது நாள் கழித்துச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மன்றச் செயலாளர் அவர்களுக்கு என்று போட்டிருந்தது. உங்கள் உறுப்பினர் பாஞ்சாலை, பார்க்காமல் கிளியர் கொடுத்ததற்கு ஒரு வருடமும், விசாரித்தபோது உண்மையை மறைத்ததற்கு ஒரு வருடமும், ஆக இரண்டு வருடம் எந்தப் பந்தயத்திலும் பணியில் நிற்கக்கூடாது, இதை அவருக்குத் தெரியப்படுத்தவும் என்று எழுதியிருந்தது. கீழே தலைவர் புவனேஸ்வரனின் கையெழுத்து. செயலாளர் பாஞ்சாலை, உறுப்பினர் பாஞ்சாலைக்குத் தெரியப்படுத்தினாள். பிறகு சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதாள்.

“நன்றி கெட்ட பய! இவனுக்காகவா சபையில மானத்த விட்ட?” என்று சிங்காரம் குதித்தான்.

அவளுக்கும் வலித்தது. ஆனால் கடிதத்தை மறுபடியும் படித்தபோது அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பாவம் தோட்டத்து அக்கா, தெரியாமல் பண்ணிவிட்டாள் என்று விட்டிருந்தால்? அது இதைவிடக் கேவலமாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. விதி எண் போட்டு, எல்லாருக்கும் எழுதுவதைப் போலத்தான் அவளுக்கும் எழுதியிருந்தான்.

மறுநாள் கொழுந்து வருகிற நேரத்தில் புவனேஸ்வரன் கொட்டகைக்கு வந்தான். உட்காரவில்லை.

“கடுதாசி கெடச்சுச்சா அக்கா?”

“கெடச்சுச்சு.”

“கமிட்டில வேற யாராச்சும் கையெழுத்துப் போடட்டும்னாங்க. நாந்தான் போட்டேன்.”

“தெரியுது. ஒங் கையெழுத்து எனக்குத் தெரியாதா.”

அவன் தராசைப் பார்த்தபடியே சொன்னான்.

“ஆஸ்பத்திரில கேட்டப்பவே சொல்லியிருக்கலாம் அக்கா. ஒங்கள நம்பித்தானே கேட்டேன்.”

“பயந்துட்டேன் தம்பி.”

“எம்மேல கோவமா?”

பாஞ்சாலை மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

“கோவந்தான். பன்னெண்டு வருசம் மழையிலயும் பனியிலயும் நின்னவ. ஒரு மாசம் எங்கூடப் பேசாத, சொல்லிட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “ரெண்டு வருசத்துல எனக்கும் தண்டன முடியும், ஒனக்கும் பதவி முடியும். அப்பயும் நில்லு. ஒனக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.”