தாழம்புதர் வரை ஓடிய அம்மணி

அம்மணி ஓடக் கற்றுக்கொண்டது முப்பத்து மூன்றாம் வயதில். அதற்கு முன் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஏரிக்குள் மண்டியிட்டு நகர்வதுதான். இறாலைக் கையால் தடவிப் பிடிக்கிற குடும்பம். இடுப்பளவு தண்ணீரில் முட்டி போட்டு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பறியின், அந்தப் பனையோலைக் கூடையின் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவியபடியே போக வேண்டும். பத்து வயதிலிருந்து அப்படிப் போனவள். கரையேறினால் முழங்கால் இரண்டும் மரக்கட்டை.

அந்தக் கட்டைக் காலோடு வாழ்ந்து முடித்துவிடலாம் என்றுதான் இருந்தாள். பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. இரண்டு வருடம் மழை பொய்த்தது. பசி தாங்காமல் தங்களைத் தாங்களே அடிமையாக விற்றுக்கொண்டவர்கள் முதலில் கப்பலேறினார்கள். கப்பல்களுக்கு அது போதவில்லை. அதன்பின் தரகர்களின் ஆட்கள் கோலும் கயிறுமாகக் குப்பங்களுக்குள் வரத் தொடங்கினார்கள்.

குப்பத்தார் கூடி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மணல்மேட்டில் எப்போதும் ஒருவர் காவல். ஆள்பிடிக்கிறவர்களின் தலை தெரிந்தால் சங்கு ஊதுவார். சங்கு கேட்டதும் தண்ணீரில் இருப்பவர்கள் கரையேறி, இரண்டு கூப்பிடு தூரத்தில் இருக்கும் தாழம்புதருக்கு ஓடிவிட வேண்டும். யாருக்காகவும் நிற்கக் கூடாது. யார் கையையும் பிடிக்கக் கூடாது.

ஆனி மாதம் சங்கு ஊதியபோது அம்மணி தன் நாத்தனார் ரங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ரங்கம்மாவின் முழங்கால் இவளுடையதைவிட மோசம். பாதி வழியில் அந்தக் கை இவள் கையில் இல்லை. பின்னாலிருந்து "அண்ணி!" என்று ஒரே ஒரு குரல் வந்தது. ரங்கம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். "நழுவிடுச்சி" என்றுதான் அம்மணி எல்லோரிடமும் சொன்னாள். ரங்கம்மாவின் அண்ணனும் தன் கணவனுமான பெருமாளிடமும் அதையே சொன்னாள்.

பத்து நாள் கழித்து, ஒரு விடியலில் அவள் ஓடிப் பார்த்தாள். நாற்பது அடிகூட ஓடவில்லை. மூச்சு வாங்கியது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய தொல்லை, ஓடும்போது பின்னால் காலடி கேட்டது. திரும்பினால் யாருமில்லை. மறுபடி ஓடினால் மறுபடி கேட்டது. வியர்வை வழிய மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

கருவாயன் அன்றுதான் அவளோடு சேர்ந்தது. வாய் மட்டும் கறுத்த செம்மண் நிற நாய். மீன் காயும் இடத்தில் திருட வந்து அடிபட்டுத் திரிந்தது. மறுநாள் அவள் ஓட, அதுவும் பின்னால் ஓடிவந்தது. இப்போது பின்னால் கேட்ட காலடிக்கு ஒரு சொந்தக்காரன் இருந்தான். அவ்வளவு போதுமாயிருந்தது அவளுக்கு.

தினமும் கோட்டைப் பீரங்கி விடியல் குண்டு போட்டதும் இருவரும் ஓடினார்கள். அவள் நின்றால் நாய் முன்னே போய்த் திரும்பி நின்று பார்க்கும். அந்தப் பார்வைக்கு வெட்கப்பட்டே இன்னும் பத்தடி போவாள். தாழம்புதருக்குள் போய்ச் சேர்ந்ததும் மடியிலிருந்து நான்கு இறால் தலையை எடுத்துப் போடுவாள். நாளடைவில் நாயே முந்திக்கொண்டு புதருக்குள் நுழைந்து, உட்கார்ந்து, "எங்கே என் பங்கு?" என்பதுபோல் இரண்டு தடவை குரைக்கும். அம்மணி சிரிப்பாள். அந்த வருடத்தில் அவள் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

பக்கத்துக் குடிசைக் கஸ்தூரி வேடிக்கை பார்த்துக்கொண்டே கேட்டாள்: "இன்னாடி அம்மணி, நாயி உன்னத் தொரத்துதா, நீ நாயத் தொரத்துறியா?"

"ரெண்டு பேரையும் வேற ஒண்ணு தொரத்துது. நீயும் வாயேன்."

"போடி இவளே, எனக்குக் குந்தினு இருக்கவே மூச்சு வாங்குது."

பெருமாளின் குறை வேறு. "கொழம்புக்கே தல இல்ல, நாயிக்குத் தலயா?" என்று முணுமுணுத்தான்.

புரட்டாசி முடிவதற்குள் அவள் ஓரிடத்திலும் நிற்காமல் ஓடினாள். பயம் குறைந்தபாடில்லை. காலுக்கு மட்டும் அது பழகிவிட்டது.

ஐப்பசியில் ஒரு காலை, வெயில் ஏறும் நேரம், சங்கு ஊதியது.

அம்மணி பறியோடு கரையேறி ஓடினாள். பக்கத்தில் கருவாயன். ஈரச்சேலை காலைத் தடுத்தும் அவள்தான் எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தாள். ஒவ்வொருவராக வந்து விழுந்தார்கள். இருபது பேருக்குக் குறையாது. முள்ளோலைக்கு அடியில் பெருமாளும் கஸ்தூரியும் அவளை ஒட்டிப் படுத்திருந்தார்கள். பிழைத்தோம் என்று அவள் மூச்சை விட்டாள்.

கருவாயன் உட்கார்ந்தது. இரண்டு தடவை குரைத்தது.

அப்போதுதான் அம்மணிக்கு உறைத்தது. எல்லோரும் ஒளிய வேண்டிய இடத்தில்தான் மூன்று மாதமாக அதற்குக் குரைக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"அடிப்பாவி, அது வாயப் பொத்துடி!" என்று கஸ்தூரி பல்லைக் கடித்தாள்.

அம்மணி பறிக்குள் கைவிட்டு ஓர் இறாலை எடுத்துப் போட்டாள். நாய் தின்றது. அடுத்ததற்குப் பார்த்தது. இன்னொன்று போட்டாள். வெளியே மணலில் செருப்புச் சத்தம்.

"இங்கதான்டா எங்கியோ நாயி கொலச்சிது."

"இங்கதான்னா எங்கடா? காடு மாதிரி கெடக்குது. கோலாலக் குத்திப் பாரு."

பறியில் பதினைந்து இறால் இருந்திருக்கும். ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். தாமதித்துக் கொடுத்தாள். பாதியாகக் கிள்ளிக் கொடுத்தாள். கோல் நுனி தாழை ஓலைகளில் சரசரத்து நெருங்கியது. விரல் பறியின் அடியைத் தொட்டபோது அங்கே ஒன்றுதான் மிச்சம். பெருமாள் இரண்டு கையையும் நாயின் கழுத்துப் பக்கம் மெல்லக் கொண்டுபோனான். அவன் கண்ணில் கோபமில்லை, வேறு வழியில்லை என்பது மட்டும் இருந்தது.

நாய் பிடிபட்டால் கத்தும். கொடுக்காவிட்டால் குரைக்கும். அது வாயைத் திறக்காத நேரம் ஒன்றுதான், ஓடுகிற நேரம்.

அவள் எழுந்து ஓடினாள்.

அதைத் துணிவு என்று சொல்லிவிட முடியாது. அங்கேயே படுத்திருக்க அவள் உடம்பு ஒப்பவில்லை என்பதுதான் அதிக உண்மையாக இருக்கும். புதரின் மறுபக்கம் வெளிப்பட்டு ஏரியை நோக்கி ஓடினாள். "அதோ! அதோ!" என்று பின்னால் கத்தினார்கள். இந்த முறை காலடி மெய்யாகவே கேட்டது, மூன்று பேருடையது, நான்கு பேருடையது. அவற்றுக்கு நடுவே தனக்குத் தெரிந்த நான்கு கால் எங்கே என்று தேடிக்கொண்டே ஓடினாள். இடது பக்கம் கேட்டது. நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. வெடிக்கவில்லை.

சேற்றின் விளிம்பு வந்ததும் தடாலென்று மண்டியிட்டாள். அதற்குமேல் ஓடினால் கால் புதையும். சேற்றில் முட்டியாலும் கையாலும் வழுக்கிக்கொண்டு போவது அவளுக்குப் பத்து வயதிலிருந்து தெரிந்த வேலை. துரத்தியவர்கள் ஓடிவந்த வேகத்தில் தொடைவரை இறங்கிவிட்டார்கள். ஒருவன் செருப்பைத் தேடிக் குனிந்து, கையும் மாட்டிக்கொண்டு, அவள் வம்சத்தையே வைதான். அவள் தண்ணீருக்குள் போய், பழைய வழக்கப்படி பறியைப் பல்லில் கடித்து, மூக்குவரை அமிழ்ந்தாள். பல் பறியில் கடகடவென்று ஆடியது. கருவாயன் பக்கத்தில் நீந்தியது. நீந்துகிற நாய் குரைப்பதில்லை.

உச்சிவெயில்வரை அப்படியே இருந்தாள். அவர்கள் போன பிறகும் எழ முடியவில்லை. பெருமாள் வந்துதான் தூக்கினான்.

கரையில் அவன் சொன்னான்: "இந்த நாயால இன்னிக்கி இருவது பேரும் போயிருப்போம். தொரத்தி வுட்டுடு."

"இருவது பேரும் இருக்கிறது யாராலயாம்?" என்றாள் கஸ்தூரி.

அம்மணி இருவரையும் பார்க்கவில்லை. "நாயி இன்னா பண்ணும்? நான் பழக்கின எடம் தப்பு" என்றாள். கஸ்தூரி நகர்ந்த பிறகு, பெருமாளிடம் மட்டும் சொன்னாள்: "அன்னிக்கி ரங்கம்மா கை நழுவல. நான்தான் வுட்டேன்." அவன் அவள் கழுத்திலிருந்து பறியைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டான். நாயைத் துரத்தவில்லை.

மறுநாள் விடியல் குண்டுக்குப் பின் அவள் தாழம்புதரைத் தாண்டி ஏரிவரை ஓடினாள். கழுத்தளவு தண்ணீரில் நின்று, நீந்திவந்த நாயின் வாயில் இறால் தலையை வைத்தாள். பழைய வழக்கத்தை மறக்கடிக்க ஒரு மாதமாவது ஆகும். அதற்குள் சங்கு ஊதினால் என்ன ஆகும் என்று அவள் நினைக்காத நாளில்லை.

மூன்றாம் நாள் கஸ்தூரி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "மொத நாளு. கையப் புட்சிக்கட்டா?"

"வேணாம்" என்றாள் அம்மணி. "பின்னால வா."

ஓடினார்கள். பின்னால் கேட்ட காலடியில் நாயுடையது எது, கஸ்தூரியுடையது எது என்று பிரித்துக் கேட்டுக்கொண்டே போனாள். அவற்றுக்கு மேல் மிச்சமாக ஒன்று கேட்கிறதா என்றும்.